புத்தாண்டில் என்ன பின்னலாம்? தில்லிக் குளிரைக் கணக்கில் வைத்து ஒரு திட்டம்

ஜனவரி முதல் வாரம் கரோல் பாகிலோ லாஜ்பத் நகரிலோ 600 கிராம் உல்லன் வாங்கிக்கொண்டு வந்து, "இந்த வருஷம் அவருக்கு ஒரு முழுக்கை ஸ்வெட்டர்" என்று உட்காருகிறவர்களில் பலர் ஹோலிக்குள் நிறுத்திவிடுகிறார்கள். முதுகுப் பக்கம் முக்கால்வாசி முடிந்த நிலையில் அது ஊசியோடு பரணுக்குப் போய்விடும். பொறுமை இல்லை, கை வரவில்லை என்று தங்களையே நொந்துகொள்வார்கள். உண்மையில் குறை கையில் இல்லை. தொடங்கும்போது கணக்குப் போடாததுதான் குறை.

நடுத்தர அளவில் ஒரு பெரியவருக்கான முழுக்கை ஸ்வெட்டரில், டிகே நூலில் (நடுத்தரத்துக்குச் சற்று மெல்லிய ரகம்), ஏறத்தாழ 45,000 கண்ணிகள் இருக்கும். ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. புதிதாகப் பழகிய கை நிமிடத்துக்கு 15 கண்ணி போட்டால் அதிகம். அப்படியானால் 50 மணி நேரம். தினம் அரை மணி என்றால் 100 நாள். ஜனவரி முதல் தேதி தொடங்கியவர் ஒரு நாள் விடாமல் பின்னினாலும் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில்தான் முடிப்பார். அப்போது தில்லியில் மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே ஆண்டுத் திட்டத்தை உடுப்பின் பெயரிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் உங்கள் வேகம், அடுத்து கையிலுள்ள நேரம், பிறகு கற்க வேண்டிய வேலைகள், கடைசியாகத்தான் தொப்பியா ஸ்வெட்டரா என்பது. இந்த வரிசையில் போனால் டிசம்பரில் போட்டுக்கொள்ள ஏதாவது கையில் இருக்கும்.

முதலில் வேகம்

4 மில்லிமீட்டர் ஊசி, வெளிர் நிறத்தில் டிகே நூல், கையில் கடிகாரம். இவை போதும்.

1. 30 கண்ணி ஏற்றி, கை பழக 4 வரிசை பின்னுங்கள். இதை அளவில் சேர்க்க வேண்டாம்.
2. அடுத்த 10 வரிசையை, எல்லாம் நிட் கண்ணியாக (நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் பின்னுவது), வழக்கமான வேகத்தில் பின்னி எத்தனை நிமிடம் ஆனது என்று பாருங்கள். 300 கண்ணியை அந்த நிமிடங்களால் வகுத்தால் உங்கள் வேகம்.
3. இதையே பர்ல் கண்ணியில் (நூலை ஊசிக்கு முன்னால் வைத்துப் பின்னுவது) ஒரு தடவை செய்யுங்கள். தொடக்கத்தில் பர்ல் மெதுவாகத்தான் வரும். இரண்டுக்கும் சராசரி எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டி போட்டுக்கொண்டு அளக்காதீர்கள். நீங்கள் எப்போதும் சீரியல் பார்த்துக்கொண்டே பின்னுகிறவர் என்றால், சீரியல் ஓடும்போதே அளப்பதுதான் சரி. நிமிடத்துக்கு 10 வந்தாலும் குறைவில்லை. அந்த எண் தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

இனி எந்த உடுப்புக்கும் கணக்கு ஒன்றே: அகலத்தில் உள்ள கண்ணிகள் × வரிசைகள் ÷ வேகம். கிடைத்த நேரத்தோடு கால் பங்கு கூட்டுங்கள். அளவுத் துண்டு (கண்ணி அளவு பார்க்கப் பின்னும் சிறு மாதிரி) போட, பிரித்துப் பின்ன, துண்டுகளைச் சேர்த்துத் தைக்க, நுனிகளை உள்ளே செருக அவ்வளவு போகும்.

ஆண்டில் எத்தனை மணி நேரம்?

வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 130 மணி. ஆனால் பிள்ளைகளின் பரீட்சை உண்டு. மே மாதம் ஊருக்குப் போவது உண்டு. நவராத்திரிக் கொலு, தீபாவளி, வந்துபோகும் உறவினர்கள் எல்லாம் உண்டு. 100 மணி என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு. மெட்ரோவில் தினம் போய்வருகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைத்தால் கொஞ்சம் கூடும், ஆனால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இந்த 100 மணிக்குள் புதியவர் ஒருவருக்குப் பொருந்துவது, எங்கள் கணிப்பில்: ஒரு தொப்பி, ஒரு மஃப்ளர், ஒரு குழந்தை ஸ்வெட்டர், பெரியவருக்கு ஒரு கையில்லாத ஸ்வெட்டர். தொப்பிக்கு 6 மணி, மஃப்ளருக்கு 29, குழந்தை ஸ்வெட்டரின் 14,000 கண்ணிக்கு 15 முதல் 16. கையில்லாத ஸ்வெட்டரில் 30,000 கண்ணி வரும். அதற்குள் உங்கள் வேகம் 20-ஐத் தொட்டிருக்கும் என்பதால் 25 மணி. கூட்டினால் 76, கால் பங்கு சேர்த்தால் 95. முழுக்கை ஸ்வெட்டர் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

முதல் வேலை மஃப்ளர் அல்ல

"முதலில் ஒரு மஃப்ளர் போடு" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. 40 கண்ணி அகலத்தில், எல்லா வரிசையும் நிட்டாகப் பின்னினால் 18 சென்டிமீட்டர் அகலம் வரும். இந்தப் பின்னலில் வரிசைகள் நெருங்கி உட்காரும். 10 சென்டிமீட்டருக்கு 44 வரிசை வேண்டும். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு 660 வரிசை, அதாவது 26,400 கண்ணி. கையில்லாத ஸ்வெட்டருக்குக் கிட்டத்தட்டச் சமம். அதுவும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வேலை. புதிதாக எதையும் கற்றுக்கொடுக்காது, முடிகிற மாதிரியும் தெரியாது. சுலபம் என்பது வேறு, சிறியது என்பது வேறு.

வரிசையைக் குறைக்கலாம் என்று ஒரு பக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று பின்னினால் வேறு தொல்லை. ஓரங்கள் இரண்டும் உள்நோக்கிச் சுருண்டு மஃப்ளர் குழாய் போலாகிவிடும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவைத்தாலும் மறுபடி சுருளும். அது அந்தப் பின்னலின் இயல்பு, உங்கள் கைப்பிழை அல்ல.

முதல் வேலையாகத் தொப்பியை எடுங்கள். கண்ணி ஏற்றுவது, பார்டர் (ஓரப் பட்டி), நிட், பர்ல், கண்ணி குறைப்பது, தைப்பது ஆகிய ஆறும் அதில் இருக்கின்றன. பெரியவர் தலைக்கு, டிகே நூலில், நேர் ஊசியில் இப்படி:

1. 4 மில்லிமீட்டர் ஊசியில் 106 கண்ணி ஏற்றுங்கள். இரு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி தையலுக்கு. நடுவில் 104.
2. பார்டர்: ஓரக் கண்ணி 1 நிட், பிறகு 2 நிட் 2 பர்ல் என்று 26 தடவை, ஓரக் கண்ணி 1 நிட். பின்பக்க வரிசையும் இதேதான். 12 வரிசை.
3. அடுத்து முன்பக்கம் எல்லாம் நிட், பின்பக்கம் எல்லாம் பர்ல். 24 வரிசை. இப்போது உயரம் 13 சென்டிமீட்டர் அளவில் இருக்கும்.
4. உச்சி: ஓரக் கண்ணி, பிறகு 11 நிட், 2 கண்ணியைச் சேர்த்து ஒரு நிட் என்று 8 தடவை, ஓரக் கண்ணி. அடுத்த வரிசை முழுதும் பர்ல். மறுபடி 10 நிட், 2 சேர்த்து 1. பர்ல் வரிசை. இப்படி ஒவ்வொரு தடவையும் இடையில் உள்ள நிட் ஒன்று குறையும். 12-ஆவது தடவை, எல்லாமே இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஓரக் கண்ணிகளோடு 10 கண்ணி மிஞ்சும். ஒரு பர்ல் வரிசையோடு முடியுங்கள்.
5. 40 சென்டிமீட்டர் நூல் விட்டு அறுத்து, மொட்டை ஊசியில் கோத்து, 10 கண்ணிக்குள்ளும் நுழைத்து இறுக்குங்கள். அதே நூலால் பக்கவாட்டைத் தைத்துவிடலாம்.

மொத்தம் 60 வரிசை, 5,100 கண்ணி, 6 மணிக்குள் முடியும். நூல் 60 கிராம் போதும். 100 கிராமாக வாங்கினால் மிச்சத்தில் அளவுத் துண்டுகள் போட்டுப் பார்க்கலாம். பார்டர் கோணலாகிறது என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: பர்ல் முடித்து நிட்டுக்குப் போகும்போது நூலைப் பின்பக்கம் கொண்டுபோக மறந்திருப்பீர்கள். நூல் ஊசிமேல் ஏறிப் புதுக் கண்ணி ஒன்று முளைக்கும், கீழே ஓட்டை விழும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் 106 இருக்கிறதா என்று முதல் 12 வரிசைக்கு மட்டும் எண்ணிவிடுங்கள். பிறகு கண்ணே சொல்லிவிடும்.

மஃப்ளர் வேண்டாம் என்பதில்லை. அது கூடவே ஓடும் வேலையாக இருக்கட்டும். யோசிக்கத் தேவையில்லாததால் மெட்ரோவுக்கும், மருத்துவர் வீட்டு வரிசைக்கும், மலை மந்திர் கோயிலில் பிரசங்கம் கேட்கும்போதும் அதுதான் ஏற்றது. இதற்கு நேர் ஊசியை விட வட்ட ஊசி (வளையும் கம்பியால் இணைந்த இரண்டு முனைகள்) நல்லது. பக்கத்தில் இருப்பவரின் விலாவில் முழங்கை இடிக்காது, ஊசி கீழே உருண்டு போகாது.

மாதங்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

தில்லியில் கம்பளிக்கு வேலை இருப்பது நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை. டிசம்பர் முதல் வாரத்தில் ஸ்வெட்டர் உடம்பில் இருக்க வேண்டும் என்றால் நவம்பர் முழுவதையும் தைக்கவும் கழுத்துப்பட்டி போடவும் ஒதுக்குங்கள். அப்படியானால் ஆகஸ்ட் பாதியில் தொடங்கியாக வேண்டும். இதுதான் ஆண்டின் முதுகெலும்பு. மற்றதெல்லாம் இதற்கு ஏற்ப அமையும்.

ஜனவரி, பிப்ரவரியில் தொப்பி. தை மாத வெயிலில் மொட்டை மாடியிலோ காலனிப் பூங்காவிலோ உட்கார்ந்தால் பக்கத்தில் பின்னிக்கொண்டிருக்கும் பஞ்சாபி மூதாட்டிகள் யாராவது இருப்பார்கள். அவர்கள் கையைப் பாருங்கள், கேளுங்கள். நேரில் பார்த்து ஐந்து நிமிடத்தில் பிடிபடுவது காணொளியில் ஒரு மணி நேரம் ஆகும். அவர்களிடம் பேச நான்கைந்து சொற்கள் போதும்: ஊசி ஸலாய், வரிசையும் ஸலாய், கண்ணி ஃபந்தா, நிட் ஸீதா, பர்ல் உல்டா, நூல் ஊன்.

பிப்ரவரிக் கடைசியில் பல கடைகளில் மிச்ச உல்லனைக் கழிவு விலையில் தள்ளுவார்கள். ஆகஸ்டில் தொடங்கப்போகும் ஸ்வெட்டருக்கு அப்போதே வாங்கிவைக்கலாம். ஆனால் முழு அளவும் ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவை சாயம் ஏற்றியதாக, கிடைத்தால் மட்டும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை மடியில் கம்பளி வைத்துக்கொள்ள முடியாது. விரல் வியர்த்து நூல் ஊசியில் ஒட்டும், கண்ணி நகராது, இழுத்து இழுத்துப் பின்னல் இறுகிவிடும். இந்த மூன்று மாதமும் பருத்தி நூலுக்கு. பாத்திரம் துடைக்கும் துணி, டம்ளர் வைக்கும் சதுரம் என்று சிறு துண்டுகளாகப் பின்னி, ஒவ்வொன்றிலும் ஒரு புது வேலைப்பாட்டைப் பழகலாம். பருத்திக்கு நெகிழ்வு கிடையாது, அதனால் இறுக்கிப் பின்னினால் மணிக்கட்டு வலிக்கும். ஊசியை அரை மில்லிமீட்டர் பெரிதாக எடுங்கள்.

ஜூலையில் குழந்தை ஸ்வெட்டர். சின்னத் துண்டுகள் என்பதால் புழுக்கத்திலும் மடி சுடாது. இங்கே அளவில் கவனம். மே மாதம் பிறந்த குழந்தைக்கு டிசம்பரில் 7 மாதம் ஆகியிருக்கும். பிறந்த குழந்தை அளவில் பின்னினால் ஒரு நாள்கூடப் போட முடியாது. குளிர்காலத்தில் எத்தனை மாதக் குழந்தையாக இருக்கும் என்று எண்ணி, அதற்கு அடுத்த அளவில் பின்னுங்கள். மார்புச் சுற்று 54 சென்டிமீட்டர், நீளம் 28 வைத்தால் ஏறத்தாழ 6 முதல் 12 மாதக் குழந்தைக்குச் சரியாக இருக்கும். நூல் 150 கிராம் போதும்.

சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் பேரப்பிள்ளைக்கு என்றால் உல்லன் ஸ்வெட்டர் வேண்டவே வேண்டாம். அங்கே அது பெட்டியில்தான் கிடக்கும். பருத்தியில் தொப்பி பின்னி அனுப்புங்கள். மார்கழிக் காலையில் கோயிலுக்கு நடக்கும் அப்பாவுக்கு மெல்லிய 4 பிளை நூலில் ஒரு மஃப்ளர் நிச்சயம் பயன்படும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

ஊசி எண்ணில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. எண் கூடக் கூட ஊசி மெலியும்: 10-ஆம் எண் 3.25 மில்லிமீட்டர், 9 என்றால் 3.75, 8 என்றால் 4, 7 என்றால் 4.5, 6 என்றால் 5. அமெரிக்க எண்கள் இதற்கு நேர் எதிர், எண் கூடினால் பருமன் கூடும். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் குறிப்பில் 8 என்று இருந்தால் அது 5 மில்லிமீட்டர். நம் கடையில் 8 கேட்டால் 4 கொடுப்பார்கள். 95 சென்டிமீட்டர் வர வேண்டிய ஸ்வெட்டர் பிள்ளைகளுக்கான அளவில் முடிவது இப்படித்தான். எப்போதும் மில்லிமீட்டரில் கேளுங்கள். எண் அழிந்துபோன ஊசியை அளக்க, துளையிட்ட அளவுத் தகடு ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

மூங்கில் அல்லது மர ஊசி குளிர்காலத்துக்கு ஏற்றது. உலோகம் ஜனவரியில் விரலை விறைக்கவைக்கும், புதியவர் கையில் கண்ணி வழுக்கியும் போகும். கோடையில் இது தலைகீழ். வியர்த்த கைக்கு வழவழப்பான உலோகமே தோது.

நூலில் வர்த்மான், ஒஸ்வால், கங்கா என்று பல நிறுவனங்களின் பந்துகள் கிடைக்கும். பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது அக்ரிலிக் கலந்தவை. பழகுவதற்கு இதுவே போதும், துவைக்கவும் சுலபம். பட்டையில் பருமன் எழுதியிருக்காவிட்டால் அளவுகோலில் நூலை இழுக்காமல், இடைவெளி விடாமல் சுற்றிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்குள் 11 முதல் 14 சுற்று வந்தால் டிகே. அதற்கு மேல் போனால் மெல்லிய ரகம். சதர் பஜாரில் மொத்தமாக வாங்கினால் விலை குறையும், ஆனால் முதல் ஆண்டில் எந்த நிறம், எந்த ரகம் உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்திருக்காது. சில்லறையாகவே வாங்குங்கள்.

லாட் எண்ணைப் பாருங்கள். ஒரே நிறம், ஒரே நிறுவனம் என்றாலும் வேறு வேறு தடவை சாயம் ஏற்றிய நூலில் நிறம் மயிரிழை மாறும். கடை விளக்கில் தெரியாது, வெயிலில் போட்டுக்கொண்டு நின்றால் மார்பில் ஒரு கோடு போட்ட மாதிரி தெரியும். கையில்லாத ஸ்வெட்டருக்கு 350 கிராம் வேண்டும் என்றால் 400-ஆக, ஒரே லாட்டில் எடுத்துவிடுங்கள். கரும்பச்சை, கறுப்பு, அடர்நீலம் முதல் ஆண்டில் வேண்டாம். மூடுபனி நாளில் குழல்விளக்கின் கீழ் கண்ணி கண்ணுக்கே தெரியாது.

அளவுத் துண்டு

இதைத் தாண்டிப் போக ஆசை வரும். தொப்பிக்கு வேண்டுமானால் தாண்டலாம், ஸ்வெட்டருக்குக் கூடவே கூடாது.

டிகே நூலில் 4 மில்லிமீட்டர் ஊசிக்குப் பொதுவான அளவு: 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, 28 வரிசை. மார்புச் சுற்றுக்கு 210 கண்ணி என்றால் 95 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். உங்கள் கை கொஞ்சம் இறுகி 24 கண்ணி விழுந்தால் அதே 210 கண்ணி 87.5 சென்டிமீட்டர்தான். கை தளர்ந்து 20 விழுந்தால் 105. பத்து சென்டிமீட்டரில் இரண்டு கண்ணி, பார்க்க ஒன்றுமில்லை. உடம்பில் ஏறும்போது அது ஒரு அளவையே மாற்றிவிடும்.

35 கண்ணி ஏற்றி 15 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பின்னுங்கள். ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே அதைத் துவைத்து, தட்டையாக உலர்த்தி, ஓரங்களை விட்டு நடுவில் 10 சென்டிமீட்டரை அளங்கள். ஓரக் கண்ணிகள் எப்போதும் இழுபட்டு இருக்கும், அவற்றை நம்ப முடியாது. கண்ணி கூடுதலாக இருந்தால் ஊசியை ஒரு அளவு பெரிதாக்குங்கள், குறைவாக இருந்தால் சிறிதாக்குங்கள். கையை வலிந்து இறுக்கவோ தளர்த்தவோ முயல வேண்டாம், பத்து வரிசைக்குப் பிறகு கை தன் பழக்கத்துக்கே திரும்பிவிடும்.

கற்க வேண்டியதை எழுதும் விதம்

"நன்றாகப் பின்னக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று நோட்டில் எழுதினால் அது என்றைக்கு நிறைவேறியது என்று யாராலும் சொல்ல முடியாது. செய்துகாட்டக்கூடிய வேலையாக எழுதுங்கள். ஒரு ஆண்டுக்கு ஐந்து போதும்:

- பிப்ரவரிக்குள்: பார்டரை நடுவில் நிறுத்திவிட்டு, அடுத்த நாள் எண்ணாமல் பார்த்தே நிட்டா பர்லா என்று சொல்வது. கண்ணியின் கழுத்தில் முடிச்சு போட்ட மாதிரி மேடு இருந்தால் பர்ல், வழவழவென்று இருந்தால் நிட்.
- ஏப்ரலுக்குள்: நான்கு வரிசை கீழே நழுவிய கண்ணியைக் கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் ஏணிப்படி ஏணிப்படியாக மேலே கொண்டுவருவது. தெரியாமல் விட்ட கண்ணிக்காக முழுதும் பிரிக்கத் தேவையில்லை.
- ஜூனுக்குள்: ஒரே நூலில் இரண்டு ஊசிகளில் அளவுத் துண்டு போட்டு, குறிப்புக்குப் பொருந்துவதைத் தேர்வது.
- ஆகஸ்டுக்குள்: குழந்தை ஸ்வெட்டரின் பக்கவாட்டை வெளியே தையல் தெரியாமல் சேர்ப்பது.
- நவம்பருக்குள்: கழுத்துக்கும் கைக்குழிக்கும் ஓரத்திலிருந்து கண்ணி எடுத்துப் பட்டி போடுவது. நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்ற விகிதத்தில் எடுத்தால் பட்டி சுருங்காது, அலையலையாகவும் நிற்காது.

புதியவருக்கு வரும் சிக்கல்கள் சிலவற்றுக்குக் காரணம் தெரிந்தால் பயம் போய்விடும். வரிசைக்கு வரிசை கண்ணி கூடிக்கொண்டே போகிறதா? வரிசைத் தொடக்கத்தில் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் தள்ளியிருப்பீர்கள். முதல் கண்ணியின் இரண்டு கால்களும் மேலேறி இரண்டு கண்ணி மாதிரித் தெரியும், இரண்டையும் பின்னிவிடுவீர்கள். நூல் ஊசிக்குக் கீழே, முன்புறம் தொங்கட்டும். கண்ணி ஊசியில் நகரவே மாட்டேன் என்கிறதா? ஊசியின் கூர்முனையிலேயே பின்னுகிறீர்கள். ஒவ்வொரு புதுக் கண்ணியையும் ஊசியின் முழுப் பருமன் வரை தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நடு வரிசையில் எழுந்து போய்த் திரும்பினால் எந்தப் பக்கம் பின்ன வேண்டும் என்று குழம்பும். பந்திலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அது வலது கைக்கு. தப்பாகப் பிடித்தால் அந்த இடத்தில் ஒரு ஓட்டையும் படிக்கட்டும் விழும்.

கழுத்து தலையில் நுழையாமல் போவது மிகப் பரவலான ஏமாற்றம். அத்தனையும் பின்னி முடித்தபின் கடைசி வரிசையை இறுக்கி மூடுவதால் வருவது. பட்டியை 3.25 ஊசியில் பின்னியிருந்தாலும் மூடும்போது வலது கையில் 4 ஊசியை எடுங்கள், தளர்வு தானாக வரும்.

புதிய வேலைப்பாட்டைத் தொடங்கும் முன் ஒரு பாதுகாப்பு நூல் போடுங்கள். வேறு நிறத்துத் தையல் நூலை மொட்டை ஊசியில் கோத்து, ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி விட்டுவிடுங்கள். பிழை நேர்ந்தால் அந்த நூல் வரை துணிந்து பிரிக்கலாம், அதற்குக் கீழே ஒரு கண்ணியும் நழுவாது.

கை வலிக்கு இடம் கொடுக்காதீர்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரலின் அடியில் வலிக்கிறது என்றால் ஊசியை மிக இறுக்கிப் பிடிக்கிறீர்கள். விறைத்த கையோடு காலையில் தொடங்க வேண்டாம், வெந்நீரில் கையை நனைத்துத் துடைத்த பின் உட்காருங்கள். வலி இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் பின்னலை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நோட்டும் ஆகஸ்ட் கணக்கும்

ஒவ்வொரு வேலைக்கும் நோட்டில் ஒரு பக்கம். நூல் பட்டையைக் கிழித்து ஒட்டி, லாட் எண், ஊசியின் மில்லிமீட்டர், அளவுத் துண்டின் எண்கள், ஏற்றிய கண்ணி, உட்கார்ந்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டாவது கைக்குழி முதலாவதைப் போலவே வர வேண்டும் என்றால் எத்தனையாவது வரிசையில் எத்தனை கண்ணி குறைத்தீர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நினைவில் இருக்கும் என்று விட்டால் இரண்டு தோளும் இரண்டு உயரத்தில் நிற்கும். முடித்த உடுப்பைத் துவைக்கும் முறையும் அங்கேயே இருக்கட்டும். அசல் கம்பளியைக் கீசர் சூட்டில் முக்கிக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கிப் பலகை மாதிரி ஆகிவிடும், திரும்ப விரியாது. வெதுவெதுப்பான நீர், ஈஸி போன்ற திரவ சோப்பு, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துவது போதும். அக்ரிலிக்கின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள், துணி தொய்ந்து உயிரில்லாமல் தொங்கும். மார்ச்சில் உள்ளே வைக்கும்போது துவைத்து வெயில் காட்டிய பின்னே வையுங்கள். வியர்வையும் உணவுக் கறையும் இருந்தால் கம்பளியைத் தின்னும் பூச்சிப் புழுக்கள் அங்கேதான் முதலில் வாய் வைக்கும்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் நோட்டை எடுத்து வேகத்தை மறுபடி அளந்து பாருங்கள். நிமிடத்துக்கு 20 வந்திருந்தால் கையில்லாத ஸ்வெட்டரைத் திட்டமிட்டபடி தொடங்கலாம். 15-லேயே நின்றிருந்தால் 30,000 கண்ணிக்கு 33 மணி, தையலோடு 40-ஐத் தாண்டும். வாரத்துக்கு இரண்டரை மணியில் அது 16, 17 வாரம் பிடிக்கும், டிசம்பரில்தான் முடியும். அப்போது இரண்டு வழி உண்டு. மஃப்ளரை அப்படியே நிறுத்திவைத்து அந்த நேரத்தையும் ஸ்வெட்டருக்குக் கொடுக்கலாம். அல்லது அதே 400 கிராமில் பெரியவருக்குப் பதிலாக எட்டு வயதுப் பிள்ளைக்கு அளவெடுக்கலாம், கண்ணிகள் பாதிக்குக் கிட்டக் குறைந்துவிடும். எதைத் தேர்ந்தாலும் கண்ணி ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். முதுகுப் பக்கம் பாதி ஏறிய பிறகு அளவை மாற்ற வழியில்லை.